புழுப்பாம்புக்குப் பால்

ஐப்பசி 9, வெள்ளி.

காலையில் குளிக்கப் போனபோது, தண்ணீர் போகும் துளையோரம் கறுப்பு நூல் போல ஒன்று நெளிந்தது. மண்புழு என்று நினைத்தேன். நாக்கை நீட்டியது. பயத்தில், ஹீட்டர் போட்டிருந்த வாளித் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க அதன்மேல் ஊற்றிவிட்டேன்.

என் அலறல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ரத்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, இது புழுப்பாம்பு. கண்ணும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. எங்க பூந்தொட்டியில தெனம் வருது. இதுக்கா வெந்நீ ஊத்துனீங்க?"

வெள்ளிதோறும் நாகர் கல்லுக்குப் பால் ஊற்றும் கை இது.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். "பாலும் காசும் வெச்சுப் பொதைக்கணும். கூட வாங்க."

"நல்ல பாம்புக்குப் பண்றத புழுவுக்குப் பண்ணுவியா? லைன் வீடே சிரிக்கும்டி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போனில் தேடிப் படித்தேன். இந்த இனத்தில் ஆணே கிடையாதாம். எல்லாம் பெண்தானாம். துணையில்லாமலே முட்டையிடுமாம்.

செம்பருத்திச் செடியடியில் கரண்டியால் தோண்டி, நானே பாலும் காசும் வைத்துப் புதைத்தேன். "தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்க தாயி" என்றேன். மண்ணை மூடிய பிறகும் எழுந்து வர மனமில்லை. அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் இருக்கும் மகன் பத்து நாளாக என் போனை எடுக்காததை, இவரிடம்கூடச் சொல்லாததை, அதனிடம் சொல்லிவிட்டேன்.