பெரட்டுக்களத்தில் பெற்றோர் கூட்டம்

ஜூலை 15, செவ்வாய்

சிரேஷ்ட மாணவத் தலைவி என்று டையில் பேட்ஜ் குத்தியாயிற்று. இன்று நான் தலைமை தாங்கியது கதிரைகளுக்கு. தூக்கி வந்தேன், துடைத்தேன், வரிசையாகப் போட்டேன். பிறகு அப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டுபோய் அடுக்கினேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருவர் பாடசாலைக் காவலாளி.

"தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறையே இல்லை" என்றார் அதிபர் புவனேந்திரன் சார், மைக்கில். வராதவர்களைத் திட்ட, வந்தவர்கள் முன்னால் மைக் எதற்கு?

காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவது? தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு வந்தால் அன்றைக்கு வருகைப் பதிவில் பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் போய்விடும். இது சாருக்குத் தெரியாதா?

ஜூலை 16

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. சித்தியடைந்தவர்களில் போதிய ஆட்கள் புதிதாகச் சேராவிட்டால் எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பையே மூடிவிடுவார்களாம். ஏற்கெனவே படிக்கும் நாங்கள் ஐந்து பேரும் பதுளைக்குப் போக வேண்டியதுதான்.

கொஸ்லந்தைக் கடையில் வேலை முடிந்து அப்பா வந்ததும் கேட்டேன். "பதுளைக்கு எல்லாம் அனுப்ப முடியாது. படிச்சது போதும்" என்றார். அவ்வளவுதான். என் உயர்தரம் ஒரே மூச்சில் முடிந்தது.

ஜூலை 18

சாரிடம் போனேன். வேலை பிரிக்கும் முன் எல்லோரும் காலையில் பெரட்டுக்களத்தில்தானே கூடி நிற்கிறார்கள், அங்கேயே போய்ப் பேசலாம் என்றேன்.

"பாடசாலை பெரட்டுக்குப் போறதா? கௌரவம் என்னாகிறது?"

ஆளில்லாத வகுப்புக்கு என்ன கௌரவம் — நான் கேட்கவில்லை. கூட வந்த உதவித் தலைவன் ஜனகன் கேட்டுவிட்டான். "போறதுன்னா போங்க. எனக்குத் தெரியாது" என்றார் சார்.

இதுக்குப் பேருதான் தலைமைத்துவப் பயிற்சி!

ஜூலை 21

பெரட்டில் வேலை பிரிக்கும் கங்காணி வீரய்யா மாமாவிடம் கேட்டோம். "வந்து பேசுங்க" என்றார். பெரியவர்களால் இப்படியும் பதில் சொல்ல முடிகிறது.

ஜூலை 22

மானம் போயிற்று. நாசமாப் போன பேச்சுப்போட்டிப் பழக்கம்! தமிழ்த் தினப் போட்டிக்கு வருஷா வருஷம் மனப்பாடம் செய்ததெல்லாம் வாயில் வந்து நின்றது. காலைக் காற்றில் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குமாக நிற்கிறவர்களைப் பார்த்துக் கையை நீட்டி, "நடுவர் பெருமக்களே" என்று தொடங்கினேன். கங்காணி மாமா திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தார்.

சிரிப்பு அடங்கவில்லை. அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான். "ஏ புள்ள, கொழுந்து எடுக்கப் போகணும். என்னா வேணும்னு சொல்லு" என்றார் அம்மா.

"வகுப்ப மூடப்போறாங்க. மூடினா அப்பா என்னைய நிப்பாட்டிருவாரு. உங்க புள்ளைங்களச் சேத்துவிடுங்க" என்றேன். அழுகை வேறு வந்து தொலைத்தது. ஒரு தலைவி இப்படியா பேசுவாள்? கெஞ்சல்!

யாரும் கைதட்டவில்லை. "எங்க விதுஷாவ கொழும்புக்குக் கட வேலைக்கு அனுப்பத்தான் இருந்தேன். யோசிக்கிறேன்" என்றார் அங்கம்மா மாமி. அதற்குள் வேலை பிரித்துவிட்டார்கள்.

ஜூலை 25

உயர்தரத்தில் சேர மூன்று பேர் வந்திருக்கிறார்கள். மூன்றே மூன்று.

ஆகஸ்ட் 1

வகுப்பு பிழைத்தது! ஒவ்வொருவராக வந்து இப்போது புதிதாகப் பன்னிரண்டு பேர், விதுஷாவும் சேர்த்து. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவரிடம் சார் சொல்கிறார்: "நாங்க பெரட்டுக்கே போய்க் கதைச்சோம்." நாங்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 20

அடுத்த பெற்றோர் கூட்டத்தை உயர்தர மாணவர்களே தீர்மானிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சார் நிஜமாகவே வகுப்பைவிட்டு வெளியே போய்விட்டார். பெரட்டில்தான் என்றேன். அதில் பேச என்ன இருக்கிறது?

விதுஷா எழுந்தாள். "அக்கா, பெரட்டுல நிக்கிறது முக்கால்வாசி அம்மாமாருங்க. எங்கப்பா மொனராகலையில கரும்பு வேலைக்குப் போயிருக்காரு. ஞாயித்துக்கெழமதான் வருவாரு. படிப்ப நிப்பாட்டுறது அப்பாமாருங்கதானே? கூட்டத்த ஞாயித்துக்கெழம வச்சு அவுங்ககிட்டதான் பேசணும்."

கை உயர்த்தச் சொன்னேன். என் பக்கம் எழுந்தது இரண்டு கை, அதில் ஒன்று என்னுடையது. ஜனகன்கூட அவள் பக்கம். வகுப்புக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அவளுக்கு! அவள் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பெரட்டில் நான் அடித்த கூத்தை அம்மா அவரிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

"யாரு பேசப்போறது, நீயா?"

"இல்ல, விதுஷா."

"அப்படின்னா வர்றேன்" என்றார்.