ஆட்டுக்குட்டி செதுக்கிய கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஓரிகான் மழையில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சுகம். காற்றாலை வேலையும் நன்றாகப் போகிறது.

நீங்கள் இத்தனை வருடமாகத் தேடிய உங்கள் தாத்தாவின் தாத்தா அசாஹெல், இந்த ஐயோவா ஊர்க் கல்லறையில்தான் இருக்கிறார். ஞாயிறன்று கல்லைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மேலே ஓர் ஆட்டுக்குட்டி, கீழே அவர் பெயர், வயது இரண்டு. இரண்டு வயதில் செத்தவருக்கு நாமெல்லாம் எப்படிப் பிறந்தோம்? உங்களிடம் எப்படிச் சொல்வது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தன் வீட்டுக் கல்லறைகளுக்குப் பூ வைக்க வந்த வில்மா என்ற பெண் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஏம்மா, இதுக்கா அழறே? அந்தக் காலத்துல ஒரு புள்ள செத்துட்டா, அடுத்து பொறக்கிறதுக்கும் அதே பேரத்தான் வைப்பாங்க. உங்காளு இந்த அண்ணன் பக்கத்துலயே படுத்திருப்பாரு, பாரு."

நான் அழவில்லை அப்பா, கண்ணில் தூசு.

பக்கத்துக் கல்லில் பாசியைத் தேய்த்ததும் உங்கள் அசாஹெல் தெரிந்தார், எழுபத்தெட்டு வயதுக் கிழவராக, மனைவி பெயரோடு.

கம்பளிக் காலுறையும், இனி ஞாயிறுதோறும் அங்கே போய்க் கல் துடைக்க மெல்லிய பிரஷ் ஒன்றும், அம்மாவின் ஆப்பிள் ஜாமும் அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் சாப்பிடுகிறேனா என்று அம்மா கேட்டால், இல்லை, சொந்தக்காரர்கள் மூன்று பேரோடு என்று சொல்லுங்கள்.

உங்கள்
லோரீன்