சிவப்புக்கு நான் சொன்ன அர்த்தம்

அக்கா,

உங்கள் ஓவியத்தின் அச்சுப்படம் மூன்று வாரமாக என் மேசையில் கிடக்கிறது. அந்தப் பெரிய சிவப்பும், ஓரத்தில் இரண்டு மஞ்சள்களும். நியூயோர்க் அருங்காட்சியகம் அதை நிரந்தரச் சேகரிப்புக்கு வாங்க விரும்புகிறதாம். பக்கத்தில் வைக்கப்போகும் குறிப்பை, அன்று உங்கள் பேச்சை மொழிபெயர்த்தவள் என்ற முறையில் நான் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டுமாம். "போரில் சிந்திய இரத்தத்தின் நினைவு" என்று எழுதியிருந்தார்கள். வாசித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

இங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் புடவைக்கடைக்கு மேலே உங்கள் ஒற்றை அறை. விடியப்புறம் அலுவலகங்கள் துடைத்துவிட்டு வந்து பகலில் வரைவீர்கள். அமெரிக்காவில் தெற்காசியப் புலம்பெயர் ஓவியர்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறோம் என்று அங்கிருந்து ஒரு பெண் அந்த அறைக்கே வந்தாள். சிவப்பைக் காட்டி, இது இரத்தமா என்று கேட்டாள்.

"இரத்தமோ? லாவெறியில உடுப்புத் தோய்க்கிற மிசினுக்குள்ள சுத்தின சீலை, பிள்ளை. மஞ்சளுக்குப் பக்கத்தில அது வேணும் எண்டு பட்டது" என்று சிரித்தீர்கள்.

அதை நான் சொல்லவில்லை. பல வருடமாக அகதி விசாரணைகளில் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பவள் நான். எந்தச் சொல்லுக்கு எதிரே இருப்பவரின் பேனா ஓடும் என்று எனக்குத் தெரியும். "போரை நினைத்து வரைந்தது" என்றேன். அவள் கண் கலங்கியது. உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

திறப்பு விழாவன்று நியூயோர்க்கிலிருந்து அழைத்தீர்கள். அங்கே வந்த ஒரு தமிழ்ப் பெண் படத்தருகே இருந்த குறிப்பை உங்களுக்கு வாசித்துச் சொல்லியிருந்தாள்.

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

"இல்லை அக்கா. அப்பிடிச் சொன்னாத்தான் எடுப்பினம் எண்டு..."

"அகதிப் பேப்பர் எடுக்க ஒருக்கா அழுதனான். படத்துக்கும் அழ வேணுமோ? இஞ்சை அடுத்த அறையில வெள்ளைக்காரன்ர சிவப்புக்கு ஒருத்தரும் காரணம் கேக்கேல்லையே."

திரும்பி வந்த பிறகு தெருவில் கண்டால் தலையசைப்பீர்கள். மேலே வா என்று அழைத்ததில்லை. நானும் படியேறி வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்துவிட்டேன். உங்கள் நோய் முற்றிய செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, நீங்கள் யாரையும் அடையாளம் காணும் நிலையில் இல்லை. அப்படியே போய்விட்டீர்கள்.

இந்தக் குறிப்பில் நான் கையெழுத்திடவில்லை. அன்று நீங்கள் சொன்னதை, சீலையும் மிசினுமாகச் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். நேற்றுப் பதில் வந்தது. நன்றி என்றும், வாங்குவது பற்றி மீண்டும் கூடிப் பேச வேண்டும் என்றும். படம் இப்போது புறநகர் பொண்டியில் இருக்கும் உங்கள் தம்பிக்குச் சொந்தம். நான் எழுதியது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அக்கான்ர படம் அங்கை தொங்கினாக் காணாதோ? ஏன் குழப்பினீங்கள்?" என்றார். நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பீர்கள் என்றும் தெரியவில்லை.

போன கிழமை விசாரணையில், வன்னியிலிருந்து வந்த ஒருவரிடம், அந்த நாட்களில் எது மிகக் கொடியது என்று கேட்டார்கள். "பசி" என்றார். முன்பென்றால் அதை நான் நீட்டியிருப்பேன். அன்று ஒரே சொல்லாகவே பிரெஞ்சில் சொன்னேன். நீதிபதி பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மனிதருக்கு முடிவு இன்னும் வரவில்லை, அக்கா.