ஓசி இங்கிலீஷ்

ஜூன் 2, திங்கள்

வெயில். காலைல காயப்போட்ட வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள்ள கரண்ட் பிளாண்ட் சாம்பல் படிஞ்சு கிடக்கு. திரும்பத் துவைக்கணும். வெள்ளிக்கிழமை இன்டர்வியூக்கு இவர் போட்டுகிட்டுப் போகவேண்டிய சட்டை.

சூப்பர்வைசர் இன்டர்வியூ. இவருக்கு இதுதான் கடைசி. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். அப்புறம் ரிட்டயர் ஆகிற வரைக்கும் மைன்ஸ்ல அதே கன்வேயர் கேபின், அதே நைட் ஷிஃப்ட். போன ரெண்டு தடவையும் இங்கிலீஷ்ல கேட்டதும் மனுஷனுக்கு வாய் பூட்டிகிச்சு. இந்தத் தடவை நான் விடப்போறதில்லை. பி.ஏ. இங்கிலீஷ் படிச்சுட்டு இத்தனை வருஷமா இந்தக் குவார்ட்டர்ஸ்ல தோசை சுட்டதுக்கு இதாவது ஆகட்டும்.

பஜார்ல ஒரு கைடு வாங்கிட்டு வந்திருக்கார். குழப்புற வினைச்சொல்லுக்குன்னு தனிப் பாடமாம். பாரோ: கடன். லெண்ட்: கடன். அவ்வளவுதான் விளக்கம். எழுதினவன் எந்தப் பள்ளிக்கூடத்துல மழைக்கு ஒதுங்கினானோ. கொதிக்கிற குண்டானுக்கு அடியில வைக்க ஆச்சு.

ஜூன் 3, செவ்வாய்

பாடம் ஆரம்பம். நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். சர்க்கரை. மாடி வீட்டு ஞானவேல் டம்ளரோட வந்து நிக்கிறான், அவன் பாரோ. நான் டப்பாவைத் திறந்து அள்ளிப் போடறேன், நான் லெண்ட். வாங்கறவன் பாரோ, தர்றவ லெண்ட். இவருக்குப் பட்டுன்னு ஏறிடுச்சு.

சொல்லி வாய் மூடல, ஞானவேலே வந்து நிக்கிறான். கையில பாதிப் பலாப்பழம். "அக்கா, அண்ணனுக்குப் பாடம் நடக்குதாமே. நானும் ஓரமா உக்காந்துகினு கேக்கறேங்க." இவரோட அதே கேபின்தான் அவனுக்கும். நைட் முடிஞ்சு இவர் எழுந்தா அவன் வந்து உக்காரணும், இவருக்கு ரிலீவர். அதே இன்டர்வியூக்கு அவனுக்கும் கார்டு வந்திருக்காம். போஸ்ட் எத்தனைன்னு கேட்டேன். ஒண்ணே ஒண்ணு.

ஒண்ணே ஒண்ணு! இவர் என்ன சொல்றார்? "உக்காரட்டும் வசந்தி, நம்ம பையன்தானே." தலைல அடிச்சுகிட்டேன். வீடு பூரா பலாப்பழ நாத்தம்.

ஜூன் 4, புதன்

ஹியர், லிஸன். கேபின்ல பெல்ட் ஓடற சத்தம் நாள் பூரா காதுல விழுது, அது ஹியர். நடுவுல ஒரு ரோலர் கிரீச்னா காதைக் குடுத்துக் கேக்கறீங்களே, அது லிஸன். இவர் தலையாட்டினார். ஞா. "சூப்பருக்கா"ங்கறான். (இனிமே ஞா.தான். முழுப் பேர் எழுதி மை வீணாக்க முடியாது.) கேள்வி கேட்டா முந்திரிக்கொட்டை மாதிரி அவன்தான் முதல்ல. அதுவும் தப்பா. ஆனா கூச்சமே இல்லை. இவர் சரியாச் சொல்றார், முனகறார்.

ஞா. கணக்குல மூணு காபி, ஒரு தட்டு பஜ்ஜி.

பாக்கி: ரைஸ் / ரெய்ஸ், பிரிங் / டேக். வாங்க: ஷூ பாலிஷ், சர்க்கரை (மறுபடி!).

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் எல்லாம் ஒப்பிக்க வச்சேன். ஒரு தப்பு இல்லை. சமையல்கட்டு வாசல்ல நின்னு, "மே ஐ கம் இன், மேடம்?" சிரிச்சிட்டேன். எனக்கே பெருமையா இருந்தது.

இன்னைக்கும் நைட். லீவு போடுங்கன்னேன். கேக்கல. காலைல ஆறு மணிக்கு ஞா. வந்துடுவானாம், இவருக்கு இன்டர்வியூ பதினோரு மணிக்குத்தானாம். அவனுக்கு? மத்தியானம்னு சொன்னானாம்.

ஜூன் 6, வெள்ளி

எட்டு மணியாகியும் இவரைக் காணோம். போன் பண்ணினேன். ஆறு மணிக்கே ஞா. கூப்பிட்டுப் பேசினானாம். "வந்துகினே இருக்கேண்ணே, வண்டி பஞ்சர். ஆப்சென்ட் போட்டுறாம பாத்துக்குங்க." இவரும் இன்சார்ஜ்கிட்ட, "நான் இருக்கேன் சார், அவன் வந்துடுவான்"னு சொல்லிட்டார். இங்க அப்படித்தான். ஆள் வந்து கை மாத்தாம கேபினை விட்டு எந்திரிக்கக் கூடாது. வராதவனுக்கு இருக்கறவன் பொய் சொல்லணும். அதுல ஒரு பெருமை வேற.

எட்டரைக்கு ஞா. வண்டியைக் கிளப்பிகிட்டுப் போனதை நானே ஜன்னல்ல பாத்தேன். சரி, கேபினுக்குத்தான் போறான்னு நினைச்சேன். கேபினுக்கு எவனாவது பாலிஷ் போட்ட ஷூவோட போவானா? எனக்கு உறைக்கல. படிச்சு என்ன புண்ணியம்.

ஒன்பதுக்கு அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். இன்சார்ஜ் இவர்கிட்ட, "நீதானய்யா இருக்கேன்ன? இப்ப ஆளுக்கு நான் எங்க போறது?"

வேற ஆள் வந்து இவரை மாத்தி விட்டப்ப மணி ஒண்ணு. அங்க ஓடிப் பாத்தா எல்லாம் முடிஞ்சு நாற்காலியை அடுக்கிகிட்டிருந்தாங்களாம். ஞா.வுக்கு மத்தியானம் இல்லை, காலைல முதல் ஆளே அவன்தானாம்.

இஸ்திரி போட்ட சட்டை கட்டில்ல அப்படியே. இவர் சாப்பிடாம அதுக்குப் பக்கத்துல சுருண்டு படுத்திருக்கார்.

ஜூன் 19, வியாழன்

லிஸ்ட் வந்துடுச்சு. ஞா.தான்.

முந்திரி கேக்கோட வந்தான். "அக்கா, பாரோ, லெண்ட் கேட்டாங்கக்கா! நம்ம சர்க்கரைக் கதையைச் சொன்னேன். மூணு பேரும் சிரிச்சிட்டாங்க. எல்லாம் உங்க புண்ணியங்க்கா." அப்புறம் இவர் பக்கம் திரும்பி, "பஞ்சராயிடுச்சுண்ணே, மனசுல வச்சுக்காதீங்க."

த்தூ. என்ன மூஞ்சிடா அது.

இவர் எழுந்து கை குடுத்தார். கேக்கை வாயில போட்டுகிட்டு, "நல்லாருக்கு." ஞா. திருடன், அவன் அப்படித்தான் இருப்பான். அவன் மேல இருக்கிறதை விட இவர் மேலதான் எனக்கு ஆத்திரம்.

ஜூன் 20, வெள்ளி

மழை. துணி எடுக்கணும்.

ஷிஃப்ட் மாறியாச்சு. இப்ப ஞா. காலைல, இவர் மத்தியானம் போய் அவனை மாத்தி விடணும். ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் அவனுக்கும் அதே கேபின்தான். இன்னைக்கு அவனுக்கு மாமனார் வூட்டுல விருந்தாம், மாடிப்படியெல்லாம் அதே பேச்சு. இவர்கிட்ட சொன்னேன், "ரெண்டு மணி நேரம் லேட்டாப் போங்க. போனை ஆஃப் பண்ணுங்க. உக்காந்து கிடக்கட்டும், தெரியட்டும்."

இவர் சட்டையை மாட்டிகிட்டார். பைக் சாவியை எடுத்து என் இடுப்புல சொருகிகிட்டேன். ஆணியில தேடினார், டிவி மேல தேடினார். அப்புறம் என்னைப் பாத்தார்.

"அவன் காத்துகிட்டிருப்பான்ல, வசந்தி."

சாவி இன்னும் என் இடுப்புலதான். பைக் வாசல்ல நனையுது. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கணும், லேட்டாயிடும்னு, எப்பவும் கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடியே குடையைப் புடிச்சிகிட்டுப் போயிட்டார்.