ஐந்துக்கு ஐந்து

மார்ச் 4
இரு நாட்டுப் பண்பாட்டு மையத்தில் நான் நடத்தும் பதினோராவது ஓவியக் கண்காட்சி இது. இங்கே மாறாத விதி ஒன்றுதான்: அவர்கள் நாட்டிலிருந்து எத்தனை பேரோ, நம் நாட்டிலிருந்தும் அத்தனை பேர். இம்முறை ஆறுக்கு ஆறு. நம் ஆறில் ஒருத்தி என் அக்கா. பெயரை மறைத்துவிட்டுத்தான் நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அதில் பங்கில்லை. முப்பது வருடம் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவளுக்கு இதுதான் முதல் கண்காட்சி.
"படம் மாட்டுறீங்களா, கால்பந்துக்கு ஆள் பிரிக்கிறீங்களாடா?" என்று சிரித்தாள்.

மார்ச் 11
அவர்கள் பக்கம் ஒருவர் உடல்நலமின்றி விலகிவிட்டார். நம் பக்கமும் ஒருவர் குறைய வேண்டும்.
இயக்குநர் சொன்னார்: "யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. சாயங்காலம் பட்டியல் அச்சகத்துக்குப் போகணும்."
நாலரை மணிக்கு அக்கா பெயரை அடித்து நீக்கினேன்.

மார்ச் 12
ஏன்? வேறு யாரை எடுத்தாலும், தம்பி அக்காவைக் காப்பாற்றிவிட்டான் என்பார்கள். அதுதான் காரணமா? இல்லை, அவள் சண்டைக்கு வரமாட்டாள் என்பதா?
இரண்டாவதுதான்.
அவளிடம், "ஒருத்தரக் குறைக்கணும்னு உன் பேர எடுத்துட்டாங்கக்கா. தேர்வுக் குழுவோட முடிவு" என்றேன்.
"குழு சொன்னா சரிதான். நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சாப்பிட்டியா?" என்றாள்.

மார்ச் 15
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 20
திறப்பு விழா. அக்கா புதுச் சேலையில் வந்தாள். இயக்குநர் நல்லெண்ணத்தில்தான் பேசினார்: "உங்க தம்பி மாதிரி ஆளு கிடைக்கமாட்டாங்கம்மா. முடிவ அவர்கிட்டயே விட்டேன். சொந்த அக்கா பேரையே எடுத்துட்டாரு."
அக்கா முகம் மாறாமல் தலையசைத்தாள். பத்துப் படங்களையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். கிளம்பும்போது வாசலில்:
"கேட்டிருந்தா நானே விலகியிருப்பேன்டா. குழுன்னு எதுக்குச் சொன்ன?"


ஏப்ரல் 2
மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அவள் மகள்தான் எடுத்தாள். "அம்மா வரைஞ்சுகிட்டு இருக்காங்க மாமா."

ஏப்ரல் 9
நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துட்டேன்க்கா, வேற ஒண்ணுமில்ல — அவ்வளவுதான் வந்தது. அதைச் சொல்லவா இருபது நாள்?
"சரி, விடு" என்று காபி கொடுத்தாள். கொண்டுவந்து கையில் கொடுக்கவில்லை, மேசையில் வைத்தாள். விருந்தாளிக்கு வைப்பதுபோல.

செப்டம்பர் 17
அடுத்த கண்காட்சிக்கான விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிட்டன. இன்றைய தபாலில் அக்காவுடையதும் இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருப்பவள் தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாள். பெறுநர்: நிகழ்ச்சி அலுவலர். அதாவது நான். ஏழாவது கேள்வி, மையத்தில் உறவினர் எவரேனும் பணிபுரிகிறார்களா என்பது.
'இல்லை' என்று எழுதியிருக்கிறாள்.
தவறான தகவல் இருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியது என் வேலை. தேதி முத்திரை குத்தி, மற்ற விண்ணப்பங்களோடு வைத்தேன்.