மலைக்கே பங்கு போன டப்பா

மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய டப்பா நேற்று வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த தாளைக் கிழித்ததும் வெனிலா வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அளக்கிற கரண்டி மாவுக்குள் எங்கோ புதைந்து கிடந்தது. விரலை விட்டுத் துழாவி அதை எடுக்கும்போது உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

எனக்கு டைபாய்டு வந்து எலும்பும் தோலுமாகிவிட்டேன். உடம்பு தேற புரோட்டீன் மாவு குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உங்களை இளைக்கவைப்பதற்காகக் குடிக்கச் சொன்ன அதே சரக்கு. இது தெரிந்திருந்தால் ஒரு மாதத்துக்கு என்னைக் கேலி செய்யாமல் விட்டிருக்கமாட்டீர்கள்.

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் நான் மாவு மில் போட்டது தொண்ணூற்றேழில். சந்தைக்கு மிளகு கொண்டுவருகிற நாளில் ஒரு மூட்டை ராகியையும் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் மலையிறங்கி வருவீர்கள். முதல் நாளே வம்பு. "ஏனுங்க மில்லுக்காரரே, மொளகா அரைச்ச மிசின்ல எங்க ராகியப் போட்றாதீங்க சாமி" என்றீர்கள். மிளகாய்க்குத் தனி மிசின் வைத்திருப்பவனிடம் போய் அப்படிச் சொன்னால் கோபம் வராதா? நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு மில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்தீர்கள். நான் எவ்வளவு கடுகடுத்தாலும் உங்களிடம் எடுபடாது என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

சில வருடங்கள் கழித்து, மிளகு பறிக்க ஏறிய, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டீர்கள். கட்டோடு படுத்த உடம்பு எழுந்தபோது வேறு உடம்பாக இருந்தது. பிறகு வருடத்துக்கு வருடம் பெருத்தது. சர்க்கரை வந்தது, முட்டி போனது. மலைப்பாதையை மறந்துவிட்டு, பஸ்ஸில் ஊரைச் சுற்றி வர ஆரம்பித்தீர்கள். அதைவிட மோசம், தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. உங்கள் வீட்டுக்காரம்மா ஒருநாள் மில்லில் மாவுக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "அவரு தூங்குறாருங்கண்ணா. நாந்தா முழிச்சிருந்து மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே கெடக்கறேன்."

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனைப் பற்றி யாரோ சொல்லி, கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். செய்யலாம் என்றார்கள். எந்த மரம் உங்களைத் தள்ளிவிட்டதோ அதே வரிசை மரங்களை விற்றுப் பணம் கட்டினீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் சோறு, களி, கிழங்கு எதுவும் கூடாது, புரோட்டீன் மாவு கரைத்த தண்ணீர் ஆகாரம் மட்டும்தான் என்றார்கள். அப்போதுதான் ஈரலின் வீக்கம் வற்றி, கருவி உள்ளே போக இடம் கிடைக்குமாம். எழுதிக்கொடுத்த டப்பாவின் விலையைக் கேட்டு நமக்கே மூச்சு நின்றது. மிச்சமிருந்த காசையெல்லாம் போட்டு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு மலையேறினீர்கள்.

அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தால் எல்லா வீட்டுக்கும் பங்கு போவது உங்கள் ஊர் வழக்கம். சத்து மாவு என்று தெரிந்ததும் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கரண்டி, சளிப் பிடித்த குழந்தைக்கு ஒரு கரண்டி, பூசாரிக்கு இரண்டு கரண்டி என்று போய், மூன்றாம் நாள் டப்பாவில் கரண்டி மட்டும் இருந்தது. அது போதாதென்று, கத்திக்குப் போகிற மனுஷன் வயிறார ஒருவேளை சாப்பிட்டுப் போகட்டும் என்று வீட்டுக்கு வீடு விருந்து. நாட்டுக்கோழிக் குழம்பும் களியும், மொச்சையும் சாமைச் சோறும். அழைப்பை மறுத்தால் அந்த வீட்டு மனம் கெட்டுப்போகும் என்று நீங்களும் ஒரு வீடு விடாமல் போனீர்கள்.

கோயமுத்தூரில் நிறுத்துப் பார்த்தார்கள். இறங்க வேண்டிய எடை ஏறியிருந்தது. ஸ்கேனில் ஈரல் அப்படியே இருந்தது. டாக்டர் கத்தவில்லை. "இன்னொரு தேதி தர்றேன். அதுக்கும் இப்படியே வந்தீங்கன்னா நான் தொடமாட்டேன். பணத்தைத் திருப்பி வாங்கிக்குங்க" என்றார். கூட வந்திருந்த எனக்குத்தான் முகம் சிவந்தது. திரும்பும் பஸ் ராசிபுரம் வந்ததும் உங்கள் வீட்டுக்காரம்மா சொன்னார்: "அண்ணா, இவர மலமேல வெச்சா ஊரே சோறு போட்டுக் கொன்னுபோடும். உங்க மில்லுல வெச்சுக்கங்க."

அப்படித்தான் மாவு மூட்டை அடுக்குகிற அறை உங்களுக்கு வீடானது. அடுத்த கவலை, எதைக் குடிப்பது? ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த டப்பா இன்னொன்று வாங்க வழியில்லை. மருந்துக்கடையில் பாதி விலைக்கு ஒன்று இருந்தது, மேலே புஜத்தை மடக்கிக்கொண்டு ஒரு பயில்வான் படம். வாங்கி நாக்கில் வைத்தேன். மாவு விஷயத்தில் என் நாக்கை ஏமாற்றமுடியாது, பாதிக்குப் பாதி சர்க்கரை. ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றிச் சொல்கிற அந்தச் சின்னப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "படத்தைப் பாக்காதீங்க சார், டப்பாவத் திருப்பி சர்க்கரை எவ்வளவுன்னு பாருங்க" என்றாள். டப்பாவே வேண்டாம் என்று, கொழுப்பு எடுத்த பால் பவுடர், சோயா மாவு, வெண்ணெய் எடுத்த மோர், வேகவைத்த முட்டையின் வெள்ளை என்று எது எவ்வளவு என்பதைப் பொறுமையாகச் சொன்னாள். பெரிய டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். நீங்கள் போனைப் பிடுங்கி, "ராகி சத்துதானுங்க கண்ணு, அதுல ரெண்டு கையி போட்டுக்கலாமா?" என்றீர்கள். "சத்துதாங்கய்யா. ஆனா அது மாவுச்சத்து. ஆபரேஷன் முடிஞ்சு நானே குடிக்கச் சொல்றேன்" என்றாள். நல்ல பெண். உங்களை மறுத்தும் உங்கள் மனம் நோகவில்லை.

சோயாவை நானே வறுத்து அரைத்தேன். அரைத்த அவசரத்தில் ஒன்று நடந்தது. அதற்கு முன் அந்த மிசினில் யாருடையதோ மிளகு ஓடியிருந்தது. மாவெல்லாம் மிளகு வாசம். முதல் நாள் நீங்கள் எச்சரித்தது மிளகாயை, மாட்டிவிட்டது மிளகு. நான் அசடு வழிந்து நிற்க, நீங்கள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இப்பத்தானுங்க தொண்டைல எறங்குது" என்றீர்கள். பால் பவுடரும் சோயாவும் கலந்த பச்சை வாடைக்கு மலை மிளகுதான் மருந்தாயிற்று.

ஆனாலும் தனியாகக் குடிக்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தீர்கள். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினால்தான் உங்கள் டம்ளர் வாய்க்குப் போகும். நான் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பவன், எனக்கு எதற்கு இது, காசு இரட்டிப்பாகிறதே என்று கத்தினேன். "ஒண்டியாக் குடிக்கிறதுக்கு அதென்ன விஷமா சாமி?" என்றீர்கள். டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

இரண்டாவது வாரம் உங்கள் மாமன் மகன் மலையிறங்கி வந்தார், தூக்குச்சட்டி நிறையக் கோழிக் குழம்பும் களியுமாக. மூடியைத் திறந்ததும் மாவு வாசத்தை மீறி அந்த வாசம் மில்லெங்கும் நின்றது. நான் விலக்கப் போனேன். அவர் என்னை முறைத்தார். "எங்கூட்டுச் சோத்த வேண்டாங்கறதுக்கு இவரு யாருங்க?" என்று உங்களிடம்தான் கேட்டார். உங்கள் கண் சட்டியின்மேல் இருந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. இந்த ஒரு சட்டியோடு மரமும் போயிற்று, ஆபரேஷனும் போயிற்று என்று நினைத்தேன்.

நீங்கள் எழுந்து மூன்றாவதாக ஒரு டம்ளர் எடுத்தீர்கள். உங்கள் டம்ளரிலிருந்து பாதியை அதில் ஊற்றி மாமன் மகன் கையில் கொடுத்தீர்கள். "எங்கூட உக்காந்து இதக் குடி. இப்பத்திக்கி இதுதா என்ற சோறு" என்றீர்கள். அவர் உங்களையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது, ஆனாலும் கீழே வைக்காமல் முழுக்கக் குடித்தார். கோழிக் குழம்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். கூட இருந்து சாப்பிட்டாயிற்று, மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, உங்கள் வயிற்றில் களி போகவும் இல்லை. எனக்கு இந்த வழி ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது.

அவர் மேலே போய் என்ன சொன்னாரோ, அதன்பிறகு மலையிறங்குகிறவர்களெல்லாம் உங்களோடு ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் சந்தைக்குப் போனார்கள். குமட்டிக்கொண்டே குடித்தார்கள். வரும்போது சும்மா வரவில்லை, முட்டை கொண்டுவந்தார்கள், மோர் கொண்டுவந்தார்கள். ஒருவர்கூடச் சோறு கொண்டுவரவில்லை. கோயமுத்தூரில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "என்னய்யா பண்ணீங்க?" என்று கேட்டார். "ஊரே பத்தியம் இருந்துச்சுங்க" என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை. மறுநாள் ஆபரேஷன் நடந்தது.

அடுத்த வருடம் தை மாதச் சந்தைக்கு நீங்கள் பஸ்ஸில் வரவில்லை. சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பாதையில் இறங்கி வந்தீர்கள். தொளதொள சட்டை. பின்னாலேயே உங்கள் வீட்டுக்காரம்மா. "இப்பெல்லாம் நா நல்லாத் தூங்கறனுங்கண்ணா" என்றார் என்னிடம். அன்றைக்கு நான் மிசின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணில் மாவு விழுந்துவிட்டது என்று சொன்னேன். நீங்கள் நம்பவில்லை.

அதற்கப்புறம் பல வருடம் இருந்தீர்கள். போனபோதும் மிளகு காயப்போட்ட களத்தருகே உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள், நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். சாவுக்கு நான் உங்கள் ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் ஏறி வந்தேன். எங்கும் உட்காராமல் ஏற முடியவில்லை.

இன்று காலை மகள் சொன்ன அளவில் ஒரு டம்ளர் கரைத்தேன். ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போட்டேன். வாய்வரைக்கும் கொண்டுபோனேன், தனியாகக் குடிக்க மனம் வரவில்லை. ராகி அரைக்க வந்து உட்கார்ந்திருந்தவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. இன்னொரு டம்ளர் எடுத்துப் பாதியை ஊற்றி நீட்டினேன். "எனக்கெதுக்குங்க?" என்றார். "ஒண்டியாக் குடிக்கிறதுக்கு இதென்ன விஷமாங்க?" என்றேன். வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் மாவுக்குக் காத்திருந்தார்கள்.

டப்பா ஒரு மாதம் வரும் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.