வலமாகத்தான் சுற்றணும் என்றாயே

இன்று காலை, மோட்டார் சுருளுக்கு ஊற்றும் வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும், "ஜாஸ்தி ஊத்தாதடி" என்று நீ பின்னாலிருந்து அதட்டுவது போலவே இருந்தது. திரும்பினேன். உன் ஸ்டூலில் உன் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"அவளே போய்ச் சேந்துட்டா. நீ ஒண்டியா மோட்டார் கட்டிக் கிழிக்கப் போறியா? கடையைக் காலி பண்றோம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். இங்க காபிக்கடை வருதாம்."

யாரைக் கேட்டுச் சொன்னார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேங்கிக்கால் கிராமத்துக் கிணறு ஞாபகம் வந்தது.

ஐ.டி.ஐ. முடித்துக் கடை போட்டு, நாம் கம்பி சுற்றிய முதல் மோட்டார் அது. மாட்டவும் நாமே போனோம். பம்பின் மேல், அது சுற்றவேண்டிய திசைக்கான அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது. நீ கேட்டால்தானே! "கிரிவலத்துல மலையையே வலமாத்தான் சுத்துறோம். முதல் மோட்டார் இடமா சுத்துனா விளங்குமா?" என்று ஒற்றைக்காலில் நின்றாய். நானும் தலையாட்டித் தொலைத்தேன். மோட்டார் ஜம்மென்று ஓடியது. தண்ணீர்தான் ஒழுகிக்கொண்டு வந்தது.

நிலத்துக்காரர் கைகொட்டிச் சிரித்தார். "பொம்பளைங்க கட்டின மோட்டார் வேற எப்படி இருக்கும்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ மெயினை அணைத்தாய். மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றி முடுக்கினாய்.

"கரண்டு ஓடுனா இந்தச் செம்புச் சுருள் காந்தமாவுதுங்க. எந்த வரிசையில ஒன்னொன்னா காந்தமாவுதோ, அந்தப் பக்கமா நடுவுல இருக்கறத இழுத்துச் சுத்துது. வரிசையை மாத்திட்டேன், திசை மாறிடும். தப்பு எங்களுதுதான். ஆனா கம்பி சுத்துனது ஆம்பளையா பொம்பளையான்னு காந்தம் கேக்காதுங்க."

நீ மெயினைப் போட்டதும் தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் வேட்டியெல்லாம் நனைந்தது. திரும்பும் வழியில் கோபுரத்தைப் பார்த்து, "சாமி, பம்புக்கு மட்டும் விட்டுடு" என்று நீ கன்னத்தில் போட்டுக்கொண்டதும், நடுரோட்டில் நாம் சிரித்த சிரிப்பும்!

நீ இல்லாத கடையைத் திறக்க ஒவ்வொரு நாளும் வலிக்கிறதடி. அதற்காக மூடிவிடுவேனா?

அண்ணன் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "கடை என் பேர்லயும்தான் இருக்குதுங்க. நான் காலி பண்ணல." பிறகு நான் தனியாகச் சுற்றி முடித்திருந்த மோட்டாருக்கு லைன் கொடுத்தேன். சத்தமில்லாமல் ஓடியது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிங்கண்ணா. வேலை செய்யறவங்க உட்கார்ற இடம் அது."

எழுந்துகொண்டார். உன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த மோட்டாருக்குக் கம்பி சுற்ற ஆரம்பித்தேன்.